அடுத்த பக்கத்தில் இருக்கும் வரலாறு: ஆங்கில இலக்கிய வகுப்பறை பற்றிச் சில குறிப்புகள்

ஆங்கில இலக்கியத்தைப் பாடமாகக் கற்கும் நமது மாணவர்களின் குறிப்புக் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகத் தெரியும். எந்த நாவலாக இருந்தாலும் முதல் இரண்டு பக்கங்கள் ‘சமூகப் பின்னணி’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். கைத்தொழிற் புரட்சி, நீராவி இயந்திரம், 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம், 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டம், விக்டோரியா மகாராணியின் காலம் என்று ஐந்தாறு விடயங்கள் இலக்கமிடப்பட்டிருக்கும். அதன் பின் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கதைச் சுருக்கம், பிறகு பாத்திரப் படைப்பு, கடைசியில் நடை. கோட்டுக்கு மேலே உள்ளதற்கும் கீழே உள்ளதற்கும் என்ன உறவு என்பது கொப்பியிலும் இல்லை, பரீட்சை விடையிலும் இல்லை.

ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் ஒருவன் என்ற வகையில் இந்தக் கோடு பற்றித்தான் எழுத விரும்புகிறேன். இது மாணவர்களின் சோம்பல் காரணமாக வந்த கோடு அல்ல. இலக்கியம் வேறு, சமூக வரலாறு வேறு, பின்னது முன்னதற்குத் திரைச்சீலை மட்டுமே என்ற ஓர் எண்ணத்திலிருந்து வந்தது. நாடக மேடையில் பின்னால் தொங்கும் சீலையைப் பார்வையாளர் முதல் இரண்டு நிமிடம் பார்ப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். நமது வகுப்பறைகளில் வரலாற்றுக்கு நடப்பதும் அதுவே. பொதுவாகப் பேசினால் இது பிரசங்கமாகிவிடும். ஆகவே ஒரே ஒரு நூலை எடுத்துக்கொள்கிறேன். அது சார்ள்ஸ் டிக்கன்ஸின் ‘ஹார்ட் டைம்ஸ்’.

1854ஆம் ஆண்டு வெளிவந்த இந்நாவல் ஒரு வகுப்பறையில்தான் தொடங்குகிறது. தகவல்களைத் தவிர வேறெதுவும் பிள்ளைகளுக்குத் தேவையில்லை என்று கிராட்கிரைண்ட் என்ற கனவான் கட்டளையிடுகிறார். குதிரைகளோடு வளர்ந்த சர்க்கஸ்காரனின் மகள் சிசி ஜூப்புக்குக் குதிரை என்றால் என்னவென்று வரைவிலக்கணம் சொல்ல வரவில்லை. குதிரையோடு எந்த உறவும் இல்லாத பிட்சர் என்ற பையன் பற்களின் எண்ணிக்கை வரை ஒப்புவித்துப் பாராட்டுப் பெறுகிறான். இந்த இடத்தைப் படிக்கும்போது நமது மாணவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, ‘பயன்பாட்டுவாதம் என்றால் என்ன?’ என்ற வினாவுக்கு நான்கு வரி விடையை மனனம் செய்கிறார்கள். பிட்சரைக் கேலி செய்யும் நூலைப் பிட்சரைப் போலவே படிக்கிறோம். இதைவிடப் பெரிய முரண் ஆங்கில இலக்கியக் கல்வியில் இல்லை எனலாம்.

அந்த வகுப்பறைக்குப் பின்னால் திட்டமான வரலாறு ஒன்று உண்டு. 1846இல் கே ஷட்டில்வேர்த் என்பவரின் முயற்சியால் இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சிக்கு அரசு உதவி வழங்கும் திட்டம் தொடங்கியது. ஒரே அச்சில் வார்க்கப்பட்ட ஆசிரியர்கள் வகுப்பறைகளுக்கு வரத் தொடங்கிய காலத்தில்தான் டிக்கன்ஸ் மெக்சோக்கம்சைல்ட் என்ற ஆசிரியரைப் படைக்கிறார். சுவர்த்தாளில் குதிரைப் படமும் தரைவிரிப்பில் பூக்களும் இருக்கக்கூடாது என்று சட்டம் பேசும் அரசாங்க உத்தியோகத்தரும் வெறும் கற்பனையில் வந்தவரல்லர். 1852இல் நிறுவப்பட்ட செயல்முறைக் கலைத் திணைக்களமும் அதன் தலைவர் ஹென்றி கோலும் முன்வைத்த அலங்காரக் கொள்கையின் கேலிச்சித்திரம் அது. இந்த விபரங்களைக் கோட்டுக்கு மேலே எழுதி வைத்தால் இன்னும் இரண்டு தகவல்கள் கூடும், அவ்வளவே. அந்தக் காட்சியைப் படிக்கும் கணத்தில் சொன்னால் கேலி யாரை நோக்கிப் போகிறது என்பது மாணவருக்குத் தெரியும். வரலாறு எங்கே சொல்லப்படுகிறது என்பது என்ன சொல்லப்படுகிறது என்பதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது.

இனி நாவலின் நடுப்பகுதிக்கு வருவோம். கோக்டவுன் என்ற ஆலை நகரில் ஸ்டீபன் பிளாக்பூல் என்ற விசைத்தறித் தொழிலாளி இருக்கிறான். தறிச் சத்தத்தோடு வளர்ந்த மருதமுனைப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் நீண்ட விளக்கம் தேவைப்படாது. கைத்தறிக்கும் நீராவியால் ஓடும் விசைத்தறிக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களிடமிருந்தே கேட்டறியலாம். ஸ்டீபன் தொழிற்சங்கத்தில் சேர மறுக்கிறான். சக தொழிலாளர்கள் அவனை விலக்கி வைக்கிறார்கள். இதற்குக் காரணமாக நாவல் காட்டுவது ஸ்லாக்பிரிட்ஜ் என்ற மேடைப் பேச்சாளனை. வாய்வீச்சுக்காரன், தன் முன்னால் இருக்கும் எளிய மனிதர்களைவிட நேர்மையில் குறைந்தவன். மாணவர்கள் எழுதும் விடைகளில் இவன் ‘தொழிற்சங்கவாதிகளின் பிரதிநிதி’ என்று வந்துவிடுகிறான். டிக்கன்ஸ் எழுதியிருக்கிறார், ஆகவே அக்காலத் தொழிற்சங்கம் அப்படித்தான் இருந்தது என்பது முடிவு.

உண்மையில் டிக்கன்ஸ் கண்ட தொழிற்சங்கம் அப்படி இருக்கவில்லை. இதற்குச் சாட்சி டிக்கன்ஸ்தான்.

1847இல் வியாபாரம் மந்தமாக இருந்தபோது லங்காஷயர் ஆலை முதலாளிகள் 10 சதவீதக் கூலியைக் குறைத்தார்கள். 1853இல் வியாபாரம் தேறியது. பிரெஸ்டன் நகரத் தொழிலாளர் அந்தப் 10 சதவீதத்தைத் திருப்பிக் கேட்டார்கள். முதலாளிகள் ஒன்றுசேர்ந்து அவ்வாண்டு ஒக்டோபரில் ஆலைகளை மூடினார்கள். ஏறத்தாழ 20,000 பேர் வேலையின்றி நின்றார்கள். 1854 ஜனவரி இறுதியில் டிக்கன்ஸ் நேரே பிரெஸ்டன் சென்றார். தாம் ஆசிரியராக இருந்து நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழில், பெப்ரவரி 11ஆம் திகதி, அந்தப் பயணத்தைக் கட்டுரையாக எழுதினார். அதில் அவர் காண்பது அமைதியான ஒரு நகரம். ஒழுங்காக நடக்கும் கூட்டங்கள். வசூலான பணத்துக்குச் சல்லிக்காசு வரை கணக்குக் காட்டும் தொழிலாளர். சத்தம் போட முற்படும் பேச்சாளனைக் கட்டுப்படுத்தும் தலைவர். புகையிரதத்தில் உடன் வந்த ஒருவர் தொழிலாளரைக் கடுமையாகச் சாட, முதலுக்கும் உழைப்புக்கும் இடையில் பொருளியல் விதி மட்டும் போதாது, மனித உணர்வும் வேண்டும் என்று டிக்கன்ஸ் அவரோடு வாதிடுகிறார். வேலைநிறுத்தத்தை அவர் ஆதரிக்கவில்லை. அது இரு தரப்புக்கும் நேர்ந்த துன்பம், நடுவர் வைத்துத் தீர்க்கப்பட வேண்டியது என்பதே அவரது முடிவு. ஆனால் தொழிலாளரின் பொறுமையை மதித்து எழுதினார்.

ஏழு வாரங்களின் பின், ஏப்ரல் 1ஆம் திகதி, அதே இதழில் ‘ஹார்ட் டைம்ஸ்’ தொடங்கியது. நாவலில் வேலைநிறுத்தமே நிகழ்வதில்லை. கட்டுரையில் தலைவரால் அடக்கப்பட்ட பேச்சாளன் நாவலில் மேடையை முழுவதுமாகப் பிடித்துக்கொள்கிறான். நிருபராகிய டிக்கன்ஸ் கண்டதை நாவலாசிரியராகிய டிக்கன்ஸ் ஏன் மாற்றினார்? நல்லவனான தனி மனிதன், கெட்டவனான பேச்சாளன், ஏமாறும் கூட்டம் என்ற அமைப்புக் கதைக்கு வசதியானது என்பதாலா? ஒழுங்காகத் திரளும் தொழிலாளர் கூட்டம், குழம்பிய கூட்டத்தைவிட அவரது நடுத்தர வர்க்க வாசகர்களுக்கு அதிக அச்சம் தருவது என்பதாலா? இவை வகுப்பறையில் கேட்கத்தக்க கேள்விகள். இவற்றைக் கேட்க வேண்டுமாயின் கட்டுரையும் நாவலும் ஒரே மேசையில் இருக்க வேண்டும்.

இந்தக் குறை யாருக்கும் தெரியாத ஒன்றல்ல. 1912இல் இந்நாவலுக்கு முன்னுரை எழுதிய பேர்னாட் ஷோ, ஸ்லாக்பிரிட்ஜ் நம்பத்தகாத படைப்பு என்று வெளிப்படையாகவே சொன்னார். 1948இல் எஃப்.ஆர். லீவிஸ் தமது ‘த கிரேட் ட்ரடிஷன்’ நூலில் டிக்கன்ஸின் நாவல்களுள் இதை மட்டும் உயர்த்திப் பிடித்தார். இது ஒரு நீதிக்கதையின் செறிவு கொண்டது என்பது அவரது வாதம். தொழிற்சங்கம் பற்றிய பகுதியில் டிக்கன்ஸின் புரிதல் குறைபாடுடையது என்பதை லீவிஸும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் சில வரிகளில் கடந்து போய்விடுகிறார். நீதிக்கதையாகப் படித்தால் கடந்து போகலாம். 1958இல் ‘கல்ச்சர் அன்ட் சொசைட்டி’ எழுதிய றேமண்ட் வில்லியம்ஸ் கடந்து போகவில்லை. இந்நாவல் கைத்தொழில் சமூகத்தை ஆராய்கிறதேயன்றி அதன் அனுபவத்தைத் தரவில்லை என்றார் அவர். நமது குறிப்புக் கொப்பிகளில் லீவிஸின் புகழுரை இருக்கிறது. வில்லியம்ஸின் ஐயம் இல்லை.

ஸ்டீபன் ஏன் சங்கத்தில் சேரவில்லை என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. தான் ஒரு வாக்குறுதி கொடுத்திருப்பதாக அவன் சொல்கிறான். அந்த வாக்குறுதி எப்போது, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பது நூலில் தெளிவாக இல்லை. படிக்கும் மாணவர் குழம்புவார். ஆசிரியரோ ‘அது அவனது நற்குணம்’ என்று சமாளிப்பார். ஆனால் அச்சுப்படியில் டிக்கன்ஸ் ஒரு பகுதியை நீக்கியிருக்கிறார். ஸ்டீபன் நேசிக்கும் ரேச்சலின் சின்னத் தங்கை ஆலை இயந்திரத்தில் கை பிய்ந்து இறந்தவள். அதை நினைத்து ஸ்டீபன் கொதிக்கிறான். ரேச்சல் அவனை அமைதிப்படுத்துகிறாள். 1966இல் ஜோர்ஜ் ஃபோர்ட், சில்வேர் மொனோ ஆகிய இருவரும் பதிப்பித்த நோர்ட்டன் பதிப்பு இந்தப் பகுதியைக் குறிப்பாகத் தருகிறது.

நீக்கப்பட்ட அந்த இடத்தில் டிக்கன்ஸ் ஓர் அடிக்குறிப்பும் எழுதியிருந்தார். அது ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழில் 1854 ஏப்ரல் 22ஆம் திகதி ஹென்றி மோர்லி எழுதிய கட்டுரையைப் பார்க்கும்படி வாசகரை அனுப்புகிறது. ஆலை விபத்துகள் பற்றிய கட்டுரை அது. ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்கு மறைப்பு இட வேண்டும் என்று 1844ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்தது. முதலாளிகள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. கையும் காலும் போன பிள்ளைகளின் கதைகள் ஆலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளில் நிரம்பியிருந்தன. இச்சட்டத்தை எதிர்க்க முதலாளிகள் 1855இல் சங்கம் அமைத்தார்கள். தொழிலாளர் சங்கத்தைக் கண்டித்தவர்களுள் சிலர் முதலாளிகளின் சங்கத்துக்குப் பரிந்து பேசினார்கள். ஹரியட் மார்டினோ என்ற புகழ்பெற்ற எழுத்தாளரே டிக்கன்ஸின் இதழைத் தாக்கிப் பிரசுரம் எழுதினார்.

அந்த நீக்கம் நாவலை எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். அந்தப் பகுதி இருந்திருந்தால் ஸ்டீபனின் மௌனத்துக்கு அடியில் ஒரு பிள்ளையின் சாவு இருந்திருக்கும். அது போனதும் அவன் வெறும் பொறுமைசாலியாகி, எல்லாமே குழப்பம் என்று புலம்பும் தியாகியாகிறான். ஒரு பத்தியின் இழப்பில் ஒரு மனிதனின் கோபம் போய்விடுகிறது. இதை விளக்காமல் ‘ஸ்டீபனின் பாத்திரப் படைப்பு’ என்று கட்டுரை எழுதச் சொல்வது நியாயமா?

அதே இதழில் இன்னொரு நாவலும் இருக்கிறது. ‘ஹார்ட் டைம்ஸ்’ ஓகஸ்ட் 12இல் முடிய, செப்டெம்பர் 2இல் எலிசபெத் கஸ்கலின் ‘நோர்த் அன்ட் சௌத்’ தொடங்கி 1855 ஜனவரி வரை வெளிவந்தது. கஸ்கல் மன்செஸ்டரில் வாழ்ந்தவர். கணவர் அங்கு மத குரு. தொழிலாளர் வீடுகளுக்குள் போய் வந்தவர். உங்கள் கதையில் வேலைநிறுத்தம் வருகிறதா என்று டிக்கன்ஸிடம் முன்கூட்டியே விசாரித்து, வராது என்ற பதிலைப் பெற்றார். அவரது நாவலில் வேலைநிறுத்தம் மையமாக வருகிறது. சங்கத்துக்காரன் ஹிகின்ஸ் குடிப்பான், கோபிப்பான், ஆனால் சிந்திப்பான், முதலாளியோடு வாதாடுவான். அவனது மகள் பெசி பஞ்சுத் தூசு நுரையீரலில் படிந்து சாகிறாள். தூசை வெளியேற்றும் சக்கரம் ஒன்று 500, 600 பவுண் விலை, இலாபம் தராது, ஆகவே பல ஆலைகளில் அது இல்லை என்று அவள் வாயாலேயே கஸ்கல் சொல்ல வைக்கிறார். ஒரு சாவுக்கும் ஒரு கணக்குப் புத்தகத்துக்கும் இடையிலான உறவு இரண்டு வசனங்களில் வந்துவிடுகிறது. இதைப் படித்த மாணவனுக்கு ‘கைத்தொழிற் புரட்சியின் தீமைகள்’ என்ற பட்டியல் தேவையில்லை.

பெப்ரவரியில் பிரெஸ்டன் கட்டுரை, ஏப்ரலில் விபத்துக் கட்டுரை, ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை ஒரு நாவல், செப்டெம்பர் முதல் இன்னொன்று. எல்லாம் ஓராண்டுக்குள், இரண்டு பென்ஸ் விலையுள்ள ஒரே வார இதழில். அன்றைய வாசகனுக்குச் சமூக வரலாறு நாவலின் ‘பின்னணி’யில் இருக்கவில்லை, அடுத்த பக்கத்தில் இருந்தது. சிற்றிதழ் வாசகர்களாகிய நமக்கு இது விளங்கக் கஷ்டமான விடயமல்ல. ஒரு கவிதையை அதன் அருகிலுள்ள கட்டுரையோடும், அதற்கடுத்த இதழில் வந்த எதிர்வினையோடும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இவ்விதழ்களைப் பெறுவது ஒரு காலத்தில் கடினமாக இருந்தது. 2012இல் பக்கிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் டிக்கன்ஸின் இதழ்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிவிட்டன. இனி அந்தச் சாட்டும் இல்லை.

அடுத்த பக்கத்திலும் இல்லாத வரலாறும் உண்டு. கோக்டவுன் தறிகளில் நெய்யப்படும் பருத்தி எங்கிருந்து வந்தது? லங்காஷயர் ஆலைகளின் பருத்தியில் பெரும்பங்கு அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்து, அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. டிக்கன்ஸ் இதை அறியாதவரல்லர். 1842இல் வெளிவந்த தமது அமெரிக்கப் பயண நூலில் அடிமை முறையைக் கடுமையாகக் கண்டித்தவர். ஆனால் நாவலில் ஆலைக்குள் நுழையுமுன் பருத்திக்கு வரலாறு இல்லை. தூர தேசங்கள் உவமைகளாகவே வருகின்றன. நகரத்தின் நிறம் சாயம் பூசிய காட்டுமனிதனின் முகத்தை நினைவூட்டுகிறது, புகை பாம்பாகிறது, இயந்திரம் யானையாகிறது. கிழக்கும் காடும் உவமைக்கு உதவுகின்றன, அங்குள்ள மனிதர் கதைக்குள் வருவதில்லை. 1857இல் இந்தியாவில் கிளர்ச்சி வெடித்தபோது, தாம் அங்கு படைத்தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே அழித்தொழிக்க முயல்வேன் என்று அன்ஜெலா பேர்டெட் கூட்ஸுக்குக் கடிதம் எழுதியவரும் ஏழைகளின் தோழரான இதே டிக்கன்ஸ்தான்.

எட்வேர்ட் செய்த்தின் ‘கல்ச்சர் அன்ட் இம்பீரியலிசம்’ 1993இல் வந்த பின் இத்தகைய செய்திகள் நம் மத்தியிலும் பரவலாகப் பேசப்படுகின்றன. அதன் விளைவாக இரண்டு எதிர்வினைகளைக் காண்கிறேன். ஒரு சாரார் இவற்றை மாணவரிடம் மறைக்கிறார்கள். உலக இலக்கிய மேதையைக் கொச்சைப்படுத்தலாமா என்பது அவர்களது கவலை. இன்னொரு சாரார் இந்தக் கடிதத்தைக் காட்டிவிட்டு நூலை மூடச் சொல்கிறார்கள். நம்மை வெறுத்தவனை நாம் ஏன் படிக்க வேண்டும் என்பது அவர்களது வாதம். இரு சாராரும் மாணவருக்கு வேலை வைக்கவில்லை. முன்னவர் வணங்கச் சொல்கிறார், பின்னவர் வெறுக்கச் சொல்கிறார். தன் நாட்டு ஏழைப் பிள்ளையின் வேதனையை இவ்வளவு துல்லியமாகக் கண்ட ஒரு மனம் கடலுக்கு அப்பால் ஏன் குருடானது என்ற கேள்வியோடு நூலை மீண்டும் திறப்பதுதான் வாசிப்பு. அந்தக் கேள்வி டிக்கன்ஸோடு நிற்காது. தன் சமூகத்தின் துயரை மட்டும் கூர்மையாகக் காணும் எந்த எழுத்தையும், நமது எழுத்தையும், அது தொடும். மூன்று சமூகங்களும் தத்தம் இழப்புகளை மட்டும் எண்ணிப் பழகிய இந்நாட்டில், அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவது பரீட்சைக்கு மட்டும் உரிய விடயமல்ல.

இலக்கிய வகுப்பு சரித்திர வகுப்பாகிவிடுமே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆபத்து உண்மையில் இருக்கிறது. நாவலை ஆவணமாக மட்டும் படித்தால் ஆலைப் பரிசோதகரின் அறிக்கையே போதும், நாவல் தேவையில்லை. ஆனால் நான் சொல்வது அதுவல்ல. ஒரு மில்லியன் மக்களுள் இருபத்தைந்து பேர் மட்டும் பட்டினியால் இறந்தால் அந்த விகிதம் பற்றி என்ன சொல்வாய் என்று சிசியிடம் கேட்கிறார்கள். இறந்தவர்களுக்கு அது ஒரே அளவு கொடுமைதானே என்கிறாள் அவள். அந்தப் பதில் எந்தப் புள்ளிவிபர நூலிலும் இல்லை. புள்ளிவிபர நூல்கள் குவிந்துகொண்டிருந்த காலத்தில் அந்தப் பதில் எவ்வளவு துணிச்சலானது என்பதை உணர்த்தவே வரலாறு தேவை. வரலாறு வசனத்தின் எடையைக் கூட்ட வேண்டும். வசனத்தின் இடத்தைப் பிடிக்கக்கூடாது.

தமிழ்த் திறனாய்வுக்கும் இதில் பங்குண்டு. பேராசிரியர் கைலாசபதி 1968இல் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ எழுதியபோது சமூக வரலாற்றையும் நாவலின் உருவத்தையும் பிரிக்காமல் பார்க்கும் பார்வையைத் தந்தார். பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து திரும்பியவர் அவர். அந்தப் பார்வைக்கு ஆங்கிலப் புலமை மரபிலும் வேர் உண்டு. அவருக்குப் பின் வந்த ஆய்வேடுகள் பல அதை முதலாம் அத்தியாயமாகச் சுருக்கிவிட்டன. அங்கேயும் அதே கோடு விழுந்துவிட்டது.

அறிஞர் சித்திலெப்பையையே எடுத்துக்கொள்வோம். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவரும் 1885இல் ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டவரும் ஒருவரே. பத்திரிகையாசிரியரும் நாவலாசிரியரும் ஒரே கையில். டிக்கன்ஸின் கட்டுரையையும் நாவலையும் அருகருகே வைத்தது போல இவற்றையும் வைத்துப் படிக்கலாம். பெண் கல்விக்காகவும் நவீன கல்விக்காகவும் வாதாடிய பத்திரிகையாளர் கதையென்று வரும்போது எதைச் சொன்னார், எதை விட்டார், எதை மாற்றினார்? ‘இலங்கையின் முதல் தமிழ் நாவல்’ என்ற ஒரு வரியை மனனம் செய்வதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அதுவும் ஒரு குதிரை வரைவிலக்கணமே.

முடிவாக ஒரு நடைமுறை யோசனை. ‘ஹார்ட் டைம்ஸ்’ கற்பிக்கும் ஆசிரியர் எவரும் முதல் பாடத்தில் கைத்தொழிற் புரட்சி பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். நேரே நாவலைத் தொடங்கட்டும். ஸ்லாக்பிரிட்ஜ் மேடையேறும் அத்தியாயம் வரும் நாளில் பிரெஸ்டன் கட்டுரையின் இரண்டு பக்கங்களைக் கையில் கொடுத்து, இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்று மட்டும் சொல்லட்டும். எஞ்சியதை மாணவர்கள் கேட்பார்கள். அன்று அவர்களது கொப்பியில் அந்தக் கோட்டைப் போட இடம் இருக்காது.